சிரிக்கவே பயமாக இருக்கிறது, டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 33. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய், என்றார்கள். அப்போது மூன்று வாரம் சரியான தூக்கமே இல்லை. ஏலச் சீட்டைப் பெருந்தள்ளுபடியில் எடுத்து, வேண்டாத தையல் மெஷின்களை வாங்கிப் போட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் திட்டினேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி. பிறகு ஆறு மாதம் படுக்கையை விட்டு எழவே மனமில்லை. இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை காலை 300, இரவு 600 மி.கி. போடுகிறேன். அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மாத்திரையை ஏழு வாரத்துக்கு முன் 5-லிருந்து 10 மி.கி. ஆக்கினார்கள். இரண்டு வருடமாக நோய் திரும்பவில்லை. ஆனால் பயம் விடவில்லை. நெஞ்சு படபடக்கிறது. விருந்தாளிக்கு நீட்டும் காபி டம்ளர் தளும்புகிறது. கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றன. கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தால் ‘ஆரம்பித்துவிட்டதோ’ என்று உள்ளே நடுங்குகிறது. ‘ஏனுங்க, நான் அதிகமாப் பேசறேனாங்க?’ என்று கணவரை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறேன். அன்று ஆடிய ஆள் நானா, இன்றிருக்கும் மந்தமான ஆள் நானா என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் பாரமாகிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. காபி ஐந்தாறு டம்ளர் ஆகிறது. லித்தியம் ரத்தப் பரிசோதனை செய்து 11 மாதம் ஆயிற்று. பக்கத்து கிளினிக்கில் பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையைப் பிரிக்க வேண்டாம். எஸ்சிடலோபிராம் பதற்றத்துக்கு நல்ல மருந்துதான், எழுதியவரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அது மனச்சோர்வு மருந்து வகையைச் சேர்ந்தது. ஒருமுறை மேனியா, அதாவது உங்களுக்கு அன்று வந்தது போன்ற அளவுமீறிய எழுச்சி, வந்தவருக்கு அந்த வகை மருந்து மனநிலையை மறுபடி மேலே தள்ளிவிடக்கூடும். லித்தியம் போன்ற காப்பு இருக்கும்போது சிலருக்கு அதைச் சேர்ப்பதுண்டு. அதை உங்கள் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் அதுவே பரபரப்பைக் கூட்டுவதும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்துவிடும் அல்பிரசோலாம் பக்கமும் போக வேண்டாம். அது சில மணி நேரம் அமைதி தரும், இறங்கும்போது பதற்றத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். சில வாரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் சட்டென நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தும்போது தூக்கம் கெடும், பைபோலாரில் தூக்கம் கெடுவதுதான் பெரிய ஆபத்து.

‘பாரமாகிவிட்டேனோ’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அந்த எண்ணம் ‘இல்லாமல் போனால் தேவலை’ என்ற இடம்வரை எப்போதாவது போகிறதா? போனால் இந்தக் கடிதத்தின் மீதியை அப்புறம் படிக்கலாம். இன்றே கணவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ‘பயம்’ என்று ஒரே சொல்லில் கட்டியிருக்கிறீர்கள். கட்டைப் பிரித்தால் உள்ளே மூன்று நான்கு சமாச்சாரம் இருக்கும் போலிருக்கிறது. அவற்றில் பாதி உங்கள் மனசே இல்லை.

கை நடுக்கத்தைப் பாருங்கள். லித்தியம் எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கு மெல்லிய நடுக்கம் உண்டு. இரண்டு கையிலும் இருக்கும், கையை நீட்டிப் பிடிக்கும்போது தெரியும், மடியில் வைத்தால் அடங்கும். காபி அதைக் கூட்டும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் கூட்டும். டம்ளர் தளும்புகிறது, உடனே ‘நான் பதறுகிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள்’ என்று மனசு முடிவு கட்டுகிறது, அந்த முடிவு நடுக்கத்தை இரட்டிப்பாக்குகிறது. தொடக்கம் மாத்திரையில் இருந்தாலும் பழி உங்கள் குணத்தின் மேல் விழுகிறது.

கால் நிற்க மறுக்கிறது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அரிபிப்ரசோல் அளவு கூட்டி ஏழு வாரம் என்கிறீர்கள். அது அகாதிசியாவாக இருக்கலாம். அகாதிசியா என்பது இந்த வகை மருந்துகள் தரும் ஓர் உள் தவிப்பு. பதற்றத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பதற்றத்தில் முதலில் ஒரு நினைப்பு வரும், உடம்பு பின்னால் வரும். அகாதிசியாவில் குறிப்பிட்ட கவலை எதுவும் இல்லாமலே தொடையும் முழங்காலும் தவிக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்து நடந்தால் கொஞ்சம் ஆறும். சமையல் மேடை முன் நிற்கும்போது கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பீர்கள். இதைப் பதற்றம் என்று தவறாக எடுத்துக்கொண்டு அதே மருந்தை இன்னும் கூட்டினால் தவிப்பும் கூடும், இதுதான் இதில் அடிக்கடி நடக்கிற தவறு. மருத்துவரிடம் ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், ‘அளவு கூட்டிய பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை’ என்று தேதியோடு சொல்லுங்கள். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ஆஸ்துமா இல்லாதவர்களுக்குப் புரோபிரனலால் சேர்ப்பது என்று அவருக்குப் பல வழிகள் உண்டு. நீங்களாக மாத்திரையை உடைத்துப் பாதி போட்டுப் பார்க்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைக்கு 11 மாத இடைவெளி அதிகம். நிலையாக இருப்பவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது லித்தியம் அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கால்சியம் நான்கும் பார்க்க வேண்டும். லித்தியத்துக்கு ரத்தம் கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. கடைசி மாத்திரை போட்டுச் சரியாக 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ஊசி. காலை 300-ஐக் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்பே போட்டுவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பச்சை மூடிக் குழாய்களில் சிலவற்றின் உட்புறம் லித்தியம் ஹெப்பாரின் பூசியிருப்பார்கள். அதில் எடுத்தாலும் இதே பொய்தான். ‘லித்தியம் டெஸ்ட்டுக்கு’ என்று ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பராமரிப்புக் காலத்தில் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். 1.5-ஐத் தாண்டினால் உடம்புக்கு நஞ்சு.

உப்பும் தண்ணீரும் இதில் ஏன் வருகின்றன என்றால், சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தின் உடன்பிறப்பு போலத்தான் நடத்துகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சோடியத்தைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். அக்னி நட்சத்திர வெயில், வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் சஷ்டி விரதம், திடீரென்று தொடங்கும் உப்பில்லாப் பத்தியம், எல்லாமே அளவை ஏற்றும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: மாதவிலக்கு வலிக்கு மெஃபெனமிக் அமில மாத்திரை போடுவீர்களா? அதுவும், டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகிய வலி மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றுபவை. பாராசிட்டமால் அப்படிச் செய்வதில்லை. நடுக்கம் பெரிதாகி எழுதவே முடியாமல் போவது, நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி அல்லது பேதி என்று வந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது பதற்றம் இல்லை.

காபியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் கொண்டு வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். ஆனால் நான்கைந்து நாளுக்கு ஒரு டம்ளராகக் குறையுங்கள். காபி லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ஒரே நாளில் நிறுத்தினால் லித்தியம் அளவு ஏறலாம். குறைப்பதை மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். குறைத்து முடித்து ஒரு வாரம் கழித்து ஒரு அளவு பார்ப்பது நல்லது.

இவ்வளவும் உடம்புக் கணக்கு. இதைச் சரிசெய்தால் உங்கள் பயத்தில் ஒரு பங்கு கரையும், மீதி நிற்கும். பைபோலார் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது தனியாக ஒரு பதற்றக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. ஆகவே ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்வியை விட்டுவிடலாம்.

அந்த மீதிப் பயம் நோயைப் பார்த்து வருவதில்லை, உங்களைப் பார்த்தே வருகிறது. ஒருமுறை சந்தோஷம் உங்களை ஏமாற்றிவிட்டது. அதிலிருந்து சந்தோஷத்தின் மேலேயே காவல் போட்டுவிட்டீர்கள். சிரிப்பு வந்தால் காவல்காரன் எழுந்து விசாரிக்கிறான், விசாரணையில் நெஞ்சு படபடக்கிறது, படபடப்பே சாட்சியாகிவிடுகிறது: ‘பார், ஏதோ நடக்கிறது.’ காவல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பைபோலாரில் காவல் வேண்டும். நீங்கள் அதை நிறுத்தியிருக்கும் இடம்தான் தவறு. அதை உணர்ச்சியின் வாசலில் இருந்து எடுத்துத் தூக்கத்தின் வாசலில் நிறுத்துங்கள்.

காரணம் எளிது. ஒரு மாலை சிரித்ததை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மேனியா என்று சொல்ல ஒரு வாரம், அதன் மெல்லிய வடிவமான ஹைப்போமேனியா என்று சொல்லவே தொடர்ந்து நான்கு நாள் வேண்டும். அதுவும் நாளின் பெரும்பகுதி, கூடவே தூக்கம், பேச்சு, செலவு மாறியிருக்க வேண்டும். சாதாரண சந்தோஷத்துக்கு ஒரு காரணம் இருக்கும், ஒரு முடிவும் இருக்கும். குழந்தை மார்க் வாங்கி வந்தது, சிரித்தீர்கள், சாப்பிட்டீர்கள், பத்தரைக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவி வருகிற சந்தோஷத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

தூக்கம் கெடுவதிலும் இரண்டு வகை உண்டு. படுத்தும் தூக்கம் வரவில்லை, காலையில் கண் எரிகிறது, உடம்பு அடித்துப் போட்டது போல் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பதற்றத் தூக்கமின்மை. நாலு மணி நேரம்தான் தூங்கினேன், ஆனால் புதிதாக எழுந்தேன், விடியுமுன் அலமாரி முழுக்க அடுக்கிவிட்டேன் என்றால் அது வேறு. இந்த இரண்டாவது வகை அடுத்தடுத்து இரண்டு இரவு வந்தால் மூன்றாவது இரவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினம் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தேன், மொத்தம் எவ்வளவு நேரம், மனநிலை கீழே மூன்றிலிருந்து மேலே மூன்றுவரை (சாதாரண நாள் என்றால் பூஜ்யம்), பதற்றம் பூஜ்யத்திலிருந்து பத்துவரை, மாத்திரை போட்டேனா, மாதவிலக்கு நாளா. பதற்றத்துக்கு மனநிலையோடு சேராத தனிக் கட்டம் கட்டாயம். மனநிலை பூஜ்யம், பதற்றம் ஏழு என்றால் அது பதற்றம் மட்டுமே, நாளை வேலைக்குப் போகலாம். மனநிலை கீழே இரண்டு, பதற்றம் ஏழு என்று ஒரு வாரம் நீடித்தால் மனச்சோர்வு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மனநிலை மேலே, பதற்றமும் எட்டு, தூக்கம் நான்கு மணி, எண்ணங்கள் ஓடுகின்றன, எரிச்சல் என்றால் அது மேனியாவும் சோர்வும் ஒன்றாகக் கலந்த கலப்பு நிலையாக இருக்கலாம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். தற்கொலை அபாயம் கூடும் நேரம் என்பதால் அன்றைக்கே பேச வேண்டும்.

இந்த நோட்டு இரண்டு விதத்தில் கெட்டுப்போகும். சிலர் மணிக்கு ஒருதரம் எழுதுவார்கள், காவல்காரனுக்குச் சம்பள உயர்வு கொடுத்த மாதிரி. சிலர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள், அப்போது ஞாயிறு மனநிலைதான் திங்களுக்கும் செவ்வாய்க்கும் பூசப்படும். காலையில் பல் துலக்கியதும் ஒரு நிமிஷம், நேற்றைய வரி, மூடிவிடுங்கள்.

கணவரைக் கேட்பதைப் பற்றி. ‘இல்ல கண்ணு, சரியாத்தான் இருக்கற’ என்று அவர் இருபது தடவையும் சொல்லியிருப்பார். ஒவ்வொரு பதிலும் பத்து நிமிஷம்தான் தாங்கும், ஏனென்றால் பதில் கேட்டு அடங்குகிற பயம் அடுத்த பதிலுக்குப் பசிக்கும். இருவரும் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முன் முதல் இரண்டு வாரத்தில் வெளியில் தெரிந்த மாற்றங்கள் எவை என்று மூன்றே மூன்று எழுதுங்கள். உங்களுடையது இப்படி இருக்கலாம்: இரவு 12-க்கு மேல் போன், கேட்காமல் பணம் எடுப்பது, யாரையும் பேச்சை முடிக்கவிடாமல் வெட்டுவது. கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள், ‘ஒரு மாதிரி இருந்தாள்’ என்பதெல்லாம் வேண்டாம். இனி நீங்கள் கேட்டால் அவர் சொல்ல வேண்டியது, ‘ஞாயித்துக்கிழமை பேசலாம் கண்ணு.’ ஞாயிறு மாலை பத்து நிமிஷம் அந்த மூன்றையும் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் ஒன்று நடப்பதை அவர் கண்டால் ஞாயிறுவரை காக்காமல் சொல்வார், நீங்கள் வாதாடாமல் மருத்துவரைப் பார்ப்பீர்கள் என்று இன்றே ஒப்பந்தம். முதல் வாரம் பதற்றம் கூடும். கணவர் மனமிரங்கி இடையில் ஒரு பதில் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வாரம் வாக்கில் கேள்விகள் குறைவதைப் பார்க்கலாம்.

சந்தோஷத்தையும் பழக வேண்டும், சிறிது சிறிதாக. முதலில் பிடித்த பாட்டு பத்து நிமிஷம், முடிந்ததும் நாடி பிடித்துப் பார்க்காமல் இருப்பது. அப்புறம் தோழியோடு அரை மணி அரட்டை, வந்து கணவரிடம் ‘அதிகம் பேசினேனா’ என்று கேட்காமல் இருப்பது. அப்புறம் கல்யாணம். கல்யாணத்தில் உங்களுக்கு ஆபத்து சிரிப்பிலோ கூட்டத்திலோ இல்லை. முந்தின இரவு வரவேற்பு, மண்டபத்தில் தரையில் படுக்கை, விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம் என்று ஒரு இரவுத் தூக்கம் முழுசாகப் போகிறதே, அதில்தான். வரவேற்பு அல்லது முகூர்த்தம், ஒன்றுக்கு மட்டும் போங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் ராத்திரி வேலை, ராத்திரி பஸ் பயணம் இரண்டுக்கும் இதே கணக்குதான்.

‘எது நான்?’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதை எந்த நாளில் கேட்கிறீர்கள் என்று நோட்டில் குறித்துப் பாருங்கள், பெரும்பாலும் மனநிலை கீழே போன நாளாக இருக்கும். மனம் தாழ்ந்திருக்கும்போது ஞாபகம் தாழ்ந்தவற்றையே பொறுக்கி எடுக்கும்; மேலே இருக்கும்போது அதே ஞாபகம் உங்களை மகாராணி ஆக்கும். இரண்டு நாளிலும் தீர்ப்பு எழுதக் கூடாது. பூஜ்யம் எழுதிய நாளில் ஒரு தாள் எடுத்து, அன்று ஆடியபோதும், ஆறு மாதம் படுத்தபோதும், இப்போதும் மாறாமல் இருந்தவை எவை என்று எழுதுங்கள். அன்று வாங்கிய மெஷினுக்குக்கூட பில் வாங்கி வைத்தீர்களா? படுக்கையில் கிடந்தபோதும் மகன் சாப்பிட்டானா என்று கேட்டீர்களா? அப்படிப்பட்டவை. உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: சாயம் மாறினாலும் நூல் அதே நூல்தான்.

‘மந்தமான ஆள்’ என்பதையும் அவசரப்பட்டு நீங்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். லித்தியம் தைராய்டைச் சோம்ப வைக்கக்கூடும். அப்போது உடல் எடை ஏறுவது, களைப்பு, மலச்சிக்கல், யோசனை மெதுவாவது எல்லாம் வரும். டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரை போட்டுச் சரிசெய்யக்கூடிய ஒன்றைப் பிறவிக் குணம் என்று சுமந்துகொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். மருந்தின் அளவு காரணமாகலாம், முழுசாக ஆறாத மனச்சோர்வும் காரணமாகலாம். இவை எல்லாம் இல்லை என்றான பிறகு ‘நான் மந்தம்’ என்று சொல்லலாம். சொல்ல நேராது என்றே நினைக்கிறேன்.

செய்ததற்கு வெட்கம் இருக்கிறது, அது இருப்பதில் தப்பில்லை. நோய் காரணம் என்பது உண்மை, மற்றவர்களுக்கு வலித்தது என்பதும் உண்மை. குழுவில் நாற்பது பேருக்கும் பொது மன்னிப்பு போட வேண்டாம், அது இன்னொரு நாடகமாகிவிடும். உண்மையில் புண்பட்டவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். பூஜ்ய நாளில், ஒருவருக்கு ஒருமுறை, நேரிலோ போனிலோ: ‘அந்த மாசம் எனக்கு உடம்பு சரியில்லீங்க சித்தப்பா. நான் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கும்னு தெரியும், மன்னிச்சுக்கங்க.’ இவ்வளவே. நோயின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கடமை இல்லை. அவர் முகம் கொடுக்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டாம்.

மறுபடி இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போடுவார்களோ என்ற பயமும் உள்ளே இருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி தருகிறது. நலமாக இருக்கும்போதே, நோய் முற்றினால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். எழுதும்போது மருத்துவரையும் கணவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் நாள் வாங்கும்போது ‘அடுத்த மாதம்’ என்றால் ‘கால் நிற்கவில்லை’ என்று சொல்லி இந்த வாரமே கேளுங்கள். ரத்தம் முன்தினமே கொடுத்துவிட்டு முடிவோடு போங்கள். கையில் ஒரு பையில் நோட்டு, போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும், பிரிக்காத அந்த எஸ்சிடலோபிராமும். பேச்சால் பதற்றத்தைக் குறைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தருபவர் அருகில் யார் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கணவரும் கூட வரட்டும். உங்கள் கால் தவிப்பைப் பற்றி அவர் என்ன பார்த்தார் என்பதை அவரே சொல்லட்டும்.